"இன்னும் எத்தனை வருஷம், டாக்டர்?"

கல்லீரலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. வீட்டுக்கு அனுப்பும் நாளில், நோயாளி கேட்கத் தயங்கியதை மகளோ மகனோ டாக்டரை வராந்தாவில் நிறுத்திக் கேட்டுவிடுகிறார்கள்: "அப்பாவுக்கு இன்னும் எத்தனை வருஷம்?" அவரும் ஓர் எண் சொல்கிறார். அது எங்கிருந்து வருகிறது?

இதே கட்டத்தில் இதே சிகிச்சை பெற்ற பலரை ஆண்டுக்கணக்கில் கவனித்து எடுத்த கணக்கு அது. 'சராசரி' என்று உங்கள் காதில் விழுவது பெரும்பாலும் இடைநிலை (எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் காலம்). பாதிப் பேர் அதைத் தாண்டியிருப்பார்கள், சிலர் வெகுதூரம். அமெரிக்கத் தொல்லுயிர் அறிஞர் ஸ்டீபன் ஜே கோல்டுக்கு 1982-இல் வேறொரு அரிய புற்றுநோய் வந்தது. அதன் இடைநிலை வெறும் எட்டு மாதம். அவர் 20 ஆண்டு இருந்தார்.

கட்டியை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாதா? கல்லீரலில் முடியாது. இங்கே நோய் இரண்டு: கட்டி ஒன்று, அது முளைத்த ஈரல் இன்னொன்று. மது, ஹெபடைடிஸ் பி அல்லது சி கிருமி, ஈரல் கொழுப்பு இவற்றால் பலருக்கு முன்பே சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போவது) இருக்கும். கட்டி போனாலும் அந்த ஈரலோடுதான் வாழ வேண்டும்.

மிச்சமிருக்கும் ஈரலை எப்படி எடைபோடுகிறார்கள்? சைல்டு-பியூ என்ற மதிப்பெண் முறை உண்டு. பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி), அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், புத்தித் தடுமாற்றம் என ஐந்தைப் பார்ப்பார்கள். 5, 6 வந்தால் 'ஏ'. 7 முதல் 9 வரை 'பி'. அதற்கு மேல் 'சி'. பள்ளிப் பரீட்சைக்கு நேர் எதிர், குறைந்த மார்க்தான் நல்லது.

கட்டியில் எண்ணிக்கை, அளவு, ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பவை முக்கியம். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன்' (நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் புற்று அணுக்கள்) என்று இருக்கிறதா பாருங்கள். ஸ்கேனில் பொதுவாகத் தெரியாத இது, வெட்டிய துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் தெரியும். இருந்தால், நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல்.

திரும்பி வருமா? மறைப்பதில் பயனில்லை. வெட்டி எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து ஆண்டுக்குள் திரும்புகிறது. முதல் இரண்டு ஆண்டுக்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டி சிதறவிட்ட மிச்சம். அதற்குப் பிறகு வருவது, நோய்ப்பட்ட ஈரலில் புதிதாக முளைப்பது. உங்கள் கை ஓங்குவது இந்த இரண்டாவதில்தான்.

என்ன செய்யலாம்? ஹெபடைடிஸ் பி இருந்தால் தினசரி மாத்திரையை 'உடம்பு தேறிவிட்டதே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாயிருப்பதே அதனால்தான் என்றும் இருக்கலாம். மது ஒரு சொட்டும் கூடாது. விசேஷ வீட்டுக்கும் விலக்கு கிடையாது. கீழாநெல்லியோ லேகியமோ, டாக்டரிடம் சொல்லாமல் தொடாதீர்கள். மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொல்லும் ஸ்கேனையும் ஏ.எஃப்.பி. (சில ஈரல் கட்டிகள் சுரக்கும் புரதம்) ரத்தப் பரிசோதனையையும் வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். ஈரல் கட்டி சிறிதாக இருக்கும்போது வலிக்காது. சிகிச்சைக்கு எளிதாக வசப்படுவதும் அப்போதுதான்.

முதல் நாள் சொன்ன எண் அப்படியே நிற்குமா? நிற்காது. கட்டி திரும்பாமல் இரண்டு ஆண்டு கடந்தவரின் கணக்கு வேறு; ஆபத்து மிகுந்த காலம் அவருக்குப் பின்னால் போய்விட்டது. எனவே மறுபடி கேளுங்கள்: "ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப என்ன சொல்வீங்க, டாக்டர்?" போகும்போது அந்தப் பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். ஃபைலின் அடியில் கசங்கிக் கிடக்கும். புது டாக்டர் என்றால் முதலில் கேட்பது அதைத்தான்.