அணைய மாட்டேன் என்கிற பொறி

போன வாரம் இங்கே ஒரு மின்பாதுகாப்புப் பயிற்சிக்குப் போயிருந்தேன். வாசலிலேயே நிறுத்தி, உள்ளே என்ன பனியன் போட்டிருக்கிறாய் என்று கேட்டார் பயிற்சியாளர். என்னடா இது கேள்வி! :-) டென்மார்க் குளிருக்குப் பயந்து ஊரிலேயே வாங்கி வந்த பாலியெஸ்டர். கழற்றிவிட்டு காட்டன் போட்டு வரச் சொல்லிவிட்டார். மேலே தீப்பிடிக்காத கோட்டு இருந்தாலும், ஆர்க் அடிக்கிற சூட்டில் உள்ளே பாலியெஸ்டர் உருகி தோலோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

கோபன்ஹேகனில் 1934ல் ஆரம்பித்த எஸ்-டோ ரயில் 1650 வோல்ட் டிசியில் ஓடுகிறது. 2002ல் வந்த மெட்ரோ 750 வோல்ட் டிசி, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவது ரயில். நம்ம பீச்-தாம்பரம் லைனும் 1931ல் 1500 வோல்ட் டிசியாகத்தான் பிறந்தது, 1960களில்தான் 25,000 வோல்ட் ஏசிக்கு மாறியது.

25,000 எங்கே, 750 எங்கே, இதுக்கா இவ்வளவு பயம் என்று தோணுதா? எனக்கும் தோணிச்சு. 50 ஹெர்ட்ஸ் ஏசி கரண்ட் வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். ஆர்க் அணைய அது ஒரு வாய்ப்பு. டிசியில் அந்த வாய்ப்பே கிடையாது. பிரேக்கர்தான் பொறியைக் காந்தத்தால் இழுத்து, நீட்டி, துண்டு துண்டாக்கி அணைக்கணும்.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 750 வோல்ட் லைன், முழு ஷார்ட் சர்க்யூட்டில் 20,000 ஆம்பியர், ஆள் நிற்பது 45 செ.மீ. தள்ளி. மோசமான நிலையில் ஆர்க் பாதி வோல்டேஜ், பாதி கரண்ட் எடுக்கும். பிரேக்கர் 0.02 வினாடியில் திறந்தால் சதுர செ.மீ.க்கு சுமார் 0.7 கலோரி. 0.1 வினாடி ஆனால் 3.7. ஒரு வினாடி என்றால் 37! கொப்புளம் போட 1.2 போதும். ஆக, உயிர் வோல்டேஜில் இல்லை, நேரத்தில் இருக்கு.

அந்த நேரத்தில்தான் சிக்கலே. சப்ஸ்டேஷனிலிருந்து தள்ளி ஷார்ட் ஆனால் கரண்ட் குறைவு. ரயில் கிளம்பும்போது இழுக்கிற கரண்ட் மாதிரியே இருக்கும், பிரேக்கர் ஏமாந்துவிடலாம். அதனால்தான் கரண்ட் எவ்வளவு என்பதோடு எவ்வளவு வேகமாக ஏறுது என்றும் பார்க்கிற ரிலே வைக்கிறார்கள்.

இன்னொரு கூத்து. எல்லாரும் நம்புகிற ஐட்ரிபிள்ஈ 1584 சூத்திரம் மூன்று ஃபேஸ் ஏசிக்கு மட்டும்தான். நான் போட்ட டிசி கணக்கு அமெரிக்க என்எஃப்பிஏ 70ஈ-யின் 2012 பதிப்பில் வந்தது, அதுவும் 1000 வோல்ட் வரைக்கும்தான். எஸ்-டோவின் 1650க்கு அதை அப்படியே போட முடியாது.

அதனால கோட்டு, முகமூடி எல்லாம் கடைசி அரண். முதலில் ஆஃப் பண்ணு, யாரும் போடாதபடி பூட்டு, டெஸ்டர் வைத்துப் பார், எர்த் பண்ணு. அப்புறம் கை வை.

பெரியப்பா ஒரு பேட்டரி ரூமில் வேலை பார்த்தவர். வெறும் பேட்டரிதானே என்று ஆஃப் பண்ணாமல் ஸ்பேனரை வைத்தாராம். வலது கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. நேற்று போனில் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ எங்களுக்கு இதையெல்லாம் யாருடா சொன்னா?" என்றார்.

பதில் சொல்லத் தெரியலை.