சிலை இடம் மாறியது, ஆட்சி மாறவில்லை

துர்க்மெனிஸ்தானில் 2002இல் மாதங்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. ஜனவரி, ‘துர்க்மென்களின் தலைவர்’ என்று பொருள்படும் ‘துர்க்மென்பாஷி’ ஆனது. அது அதிபர் சபர்முராத் நியாசோவின் பட்டப்பெயர். ஏப்ரலுக்கு அவருடைய தாயாரின் பெயர். உலகம் சிரித்தது, உள்ளூரில் சிரிக்க யாருக்கும் துணிவில்லை.

எப்படி வந்தார்?

1985இல் சோவியத் தலைவர் கோர்பசேவ் காலத்தில் துர்க்மெனியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளரானவர் நியாசோவ். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கட்சி தன் பெயரை ‘ஜனநாயகக் கட்சி’ என்று மாற்றிக்கொண்டது. நாற்காலியில் அதே ஆள். 1992 அதிபர் தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. 1999இல் பதவிக்காலத்துக்கு இருந்த வரம்பும் நீக்கப்பட்டது.

எதிர்ப்பு ஏன் எழவில்லை?

முதல் காரணம் பயம். இரண்டாவது, எரிவாயு. இயற்கை எரிவாயு இருப்பில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று அது. ஏற்றுமதிப் பணம் அதிபரின் பிடியில் இருந்ததால், மக்களின் வரியை நம்பி ஆள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. 1993 முதல் வீடுகளுக்கு எரிவாயு, மின்சாரம், தண்ணீர் இலவசம். கேள்வி கேட்கும் உரிமை மட்டும் கிடையாது.

மக்கள் கொடுத்த விலை என்ன?

தலைநகர் அஷ்காபாத்தில், சூரியனை நோக்கியபடியே சுழலும் 12 மீட்டர் தங்க முலாம் சிலை நியாசோவுக்கு எழுந்தது. அதே ஆட்சியில், 2004இல் சுமார் 15,000 சுகாதாரப் பணியாளர்கள் வேலை இழந்தனர். மறு ஆண்டு, தலைநகருக்கு வெளியே உள்ள மருத்துவமனைகளை மூட உத்தரவு வந்தது. பள்ளிப் படிப்பு ஒன்பது ஆண்டுகளாகச் சுருங்கியது. ஓட்டுநர் உரிமம் வாங்கக்கூட அவர் எழுதிய ‘ருஹ்நாமா’வைப் படித்துத் தேற வேண்டியிருந்தது.

அவருக்குப் பின்?

2006 டிசம்பர் 21 அன்று நியாசோவ் இறந்தார். அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத் தலைவரே இடைக்கால அதிபராகியிருக்க வேண்டும். அவர்மீது வழக்குப் பாய்ந்தது. பல் மருத்துவராக இருந்து அமைச்சரான குர்பான்குலி பெர்டிமுகமதோவ் பதவிக்கு வந்தார். 2008இல் மாதங்களுக்குப் பழைய பெயர்கள் திரும்பின. நியாசோவின் சிலை நகர மையத்திலிருந்து புறநகருக்குப் போனது. 2015இல் பெர்டிமுகமதோவுக்கே குதிரைமேல் அமர்ந்த தங்கச் சிலை எழுந்தது. 2019இல் இலவசங்களும் நின்றன.

2022இல் அவருடைய மகன் செர்தார் அதிபரானார். தனிமனிதர் ஒருவரின் கிறுக்குத்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அதிபரைத் தட்டிக்கேட்க நீதிமன்றமோ, நாடாளுமன்றமோ, பத்திரிகையோ இல்லாத இடத்தில் ஆள் மாறலாம், ஆட்சி மாறாது.