நாலு பிள்ளைகள், எட்டு சீருடை, விடாத மழை: மட்டாஞ்சேரியில் ஜூன் மாதக் கணக்கு என்ன?

தமிழ்நாட்டில் பள்ளி திறப்பு என்றாலே நமக்கு வெயில்தான் ஞாபகம் வரும். 'திறப்பு தள்ளிப்போகுமா?' என்று மே கடைசியில் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் கேட்டுக்கொண்டிருப்போம். கொச்சியில் கதையே வேற. அங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. பள்ளி திறக்கும் வழக்கமான தேதியும் ஜூன் 1. 2025-ல் மழை இன்னும் முந்திக்கொண்டு மே 24-ம் தேதியே வந்துவிட்டது.

இப்போது மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நெருக்கமான சந்து, சின்ன வீடு, நாலு பிள்ளைகள். 1, 4, 7, 9 என நாலு வகுப்புகள். எல்லோரும் அரசுப் பள்ளி அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறார்கள். 'அதான் எல்லாம் ஃப்ரீயாச்சே, அப்புறம் என்ன?' என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பெரிய குடும்பத்துக்கு ஏன் தனிக் கணக்கு?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை கேரளாவிலும் 1.8, தமிழ்நாட்டிலும் 1.8. அதாவது, இன்றைக்கு நாலு பிள்ளைகள் உள்ள வீடு என்பது விதிவிலக்கு. ஆனால் அந்த விதிவிலக்கு வீட்டில் செலவு மாதாமாதம் பிரிந்து வராது. நாலு பை, நாலு குடை, நாலு ஜோடி செருப்பு எல்லாமே ஒரே வாரத்தில், ஒரே சம்பளத்தில் வாங்கியாக வேண்டும்.

அரசு என்ன தருகிறது? எங்கே நிறுத்துகிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009 பேசுவது 6 முதல் 14 வயது வரை, அதாவது 8-ம் வகுப்பு வரை. கேரளாவில் பெரும்பாலான இலவச உதவிகளும் அந்தக் கோட்டிலேயே நின்றுவிடுகின்றன. அரசு, உதவி பெறும் பள்ளிகளில் 8-ம் வகுப்பு வரை பாடப்புத்தகம் இலவசம். மதிய உணவும் 8 வரைதான். வாரத்தில் இரண்டு நாள் பால், ஒரு நாள் முட்டை உண்டு.

சீருடைக்கு இரண்டு வழி. 2017-ல் தொடங்கிய கைத்தறிச் சீருடைத் திட்டத்தில் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு செட் துணி கிடைக்கும். தைக்கக் கொடுப்பது வீட்டின் பொறுப்பு. அந்தத் திட்டத்துக்குள் வராதவர்களுக்கு 8-ம் வகுப்பு வரை, வருடத்துக்கு 600 ரூபாய் என்ற கணக்கில் உதவி. எந்த வகுப்புக்குத் துணி, எந்த வகுப்புக்குப் பணம் என்பது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா என்பதைப் பொறுத்து மாறும்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 1, 4, 7 படிக்கும் மூன்று பேருக்குப் புத்தகமும் சாப்பாடும் கிடைக்கும். 9-ல் இருக்கும் மூத்த பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. ஒரே வளாகத்தில் படித்தாலும் தம்பிக்குத் தட்டில் சோறு, அக்காவுக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ். செலவு கூடும் வயதில்தான் உதவி நிற்கிறது. வீட்டில் பணம் பத்தாமல் போனால், 'நீ பெரியவ, கொஞ்சம் பொறுத்துக்கோ' என்ற வார்த்தையைக் கேட்பதும் அந்தப் பிள்ளைதான்.

சீருடை எப்படிக் காயும்?

இது சிரிக்கிற கேள்வி இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், நாலு பிள்ளைகள் என்றால் 20 முறை சீருடை போட வேண்டும். கையில் இருப்பது ஆளுக்கு இரண்டு செட், மொத்தம் எட்டு. தினமும் சாயந்திரம் நாலு செட் துவைத்து, மறுநாள் ராத்திரிக்குள் காய வைத்தால்தான் சக்கரம் சுற்றும். வெளியே மழை, உள்ளே ஃபேன் காற்று மட்டும்.

தமிழ்நாட்டில் சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கு 8-ம் வகுப்பு வரை வருடத்துக்கு நாலு செட் சீருடை. வெயில் ஊரில் நாலு செட், மழை ஊரில் இரண்டு செட்!

இங்கே ஒரு தமிழ்த் தொடர்பும் உண்டு. மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் இருக்கும் 'தோபி கானா'வில் இன்றும் துணி துவைப்பவர்கள் தமிழ்க் குடும்பங்கள்தான். டச்சுக்காரர்கள் காலத்தில் படைவீரர்களின் சீருடை துவைக்க முன்னோர்கள் அழைத்து வரப்பட்டதாக அவர்கள் சொல்கிறார்கள். இப்போதுள்ள கட்டடத்தை 1976-ல் கட்டிக் கொடுத்தது பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம்.

காலை ஓட்டம் எப்படி?

2025 ஜூனில் கேரளா 8 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்கு, வெள்ளிக்கிழமை தவிர, அரை மணி நேரத்தைக் கூட்டியது. காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம். ஆக, பெரிய பிள்ளை முதலில் கிளம்ப வேண்டும். சின்னதுகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக இன்னொரு ஆள் வேண்டும்.

பஸ் செலவில் ஒரு நிம்மதி. 2022 மே மாதம் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய் ஆனபோதும், மாணவர்களுக்கு 1 ரூபாய்தான் என்று விட்டுவிட்டார்கள். அதை ஏற்ற வேண்டும் என்பது தனியார் பஸ் உரிமையாளர்களின் தொடர் கோரிக்கை. ஒரு பிள்ளைக்கு அது சில்லறை. நாலு பிள்ளைகளுக்குப் போக வர என்றால் மாதச் செலவில் தனி வரி.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பள்ளி சீசனில் கன்ஸ்யூமர்ஃபெட் என்ற கூட்டுறவு அமைப்பு 'ஸ்டூடண்ட் மார்க்கெட்' நடத்துகிறது. அதன் 'திரிவேணி' நோட்டுகள் மொத்தமாக வாங்குபவர்களுக்குக் கைகொடுக்கும்.

அடுத்தது பழைய புத்தகம். கேரளாவில் 2024-25-ல் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும், 2025-26-ல் 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கும் பாடத்திட்டம் மாறியது. அந்த இரண்டு வருடமும் அண்ணன் புத்தகம் தம்பிக்கு உதவவில்லை. ஆனால் மாறிய புத்தகங்கள் அடுத்த திருத்தம் வரை ஓடும். காசு கொடுத்து வாங்க வேண்டியது 9, 10 வகுப்புப் புத்தகங்களைத்தான். அதனால் மூத்த பிள்ளையின் புத்தகத்தை எடைக்குப் போட்டுடாதீங்க.

தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு மாறினால்?

இன்ஃபோபார்க்கில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போகிறவர்கள் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, 2017 சட்டப்படி சி.பி.எஸ்.இ. உட்பட எல்லாப் பள்ளிகளிலும் 10-ம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம். சின்னப் பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், பெரிய வகுப்பில் சேரும் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை. இரண்டு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லி 8-ம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது. அதைச் சொல்வது கல்வி உரிமைச் சட்டம். மூன்று, அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளில் ஆறாவது வேலை நாளில் எடுக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்கள் முடிவாகும். அதனால் முதல் வாரத்திலேயே ஆவணங்களைக் கேட்பார்கள். எல்லாப் பிள்ளைகளின் ஆதார் நகலையும் ஒரே ஃபைலில் வைத்துவிடுங்கள்.

9-ம் வகுப்புப் பள்ளத்தைத் தாண்ட வழி உண்டா?

உண்டு. என்.எம்.எம்.எஸ். தேர்வு. 8-ம் வகுப்பில் எழுத வேண்டும். தேர்வானால் 9 முதல் 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அரசு அல்லது உதவி பெறும் பள்ளியில் படிக்க வேண்டும். நம் கதையில் மூத்தவளுக்கு வாய்ப்பு போய்விட்டது. ஆனால் 7-ல் இருப்பவனுக்கு இந்த வருடத்து மதிப்பெண்ணே முக்கியம். விண்ணப்பிக்க 7-ம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், பட்டியல் பிரிவினருக்கு 50 சதவீதம்.

வரி கட்டும் பெற்றோருக்கு இன்னொரு குறிப்பு. பழைய வரி முறையில் 80சி என்று நாம் அறிந்த கழிவில், கல்விக் கட்டணத்தை ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே காட்டலாம். கணவன், மனைவி இருவரும் சம்பாதித்து ஆளுக்கு இரண்டு பிள்ளைகளின் கட்டணத்தைத் தனித்தனியாகக் கட்டினால் நாலு பேருக்கும் காட்டலாம். ரசீது யார் பெயரில் வருகிறது என்பதை ஜூன் மாதமே பார்த்துவிட வேண்டும், மார்ச்சில் தேடினால் கிடைக்காது.

மொத்தத்தில், 'நாலு பிள்ளைக்கு எவ்வளவு?' என்று ஒரே தொகையாகப் போட்டால் கணக்கு இடிக்கும். யார் எந்த வகுப்பு, யாருக்கு எது கிடைக்கும், யாருக்கு எது நிற்கப்போகிறது என்று பிள்ளைவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். முதல் வரியில் மூத்த பிள்ளையின் பெயர் இருக்கட்டும்.