பொம்மை ரெயிலுக்காக கண்ணீர் விட்ட பெரியவர்கள்! 25 ஆண்டு உழைப்பு ஒரே இரவில் தவிடுபொடி

ஸ்டாம்போர்டு:-

பள்ளிக்கூட ஹாலின் கதவைத் திறந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். தலை நரைத்த பெரியவர்கள். சிலருக்கு கண்ணில் நீர் முட்டியது.

உள்ளே ரத்தம் இல்லை. பிணம் இல்லை. தரை முழுக்க கைவிரல் நீளத்தில் ரெயில் பெட்டிகள் நசுங்கிக் கிடந்தன. தண்டவாளங்கள் பிய்ந்து தொங்கின. நெருப்புப்பெட்டி அளவு வீடுகள் காலில் மிதிபட்டுக் கிடந்தன.

2019-ம் ஆண்டு மே மாதம் 18-ந்தேதி, சனிக்கிழமை காலை. லண்டனுக்கு வடக்கே சுமார் 90 மைல் தூரத்தில் இருக்கிற ஸ்டாம்போர்டு என்ற பழைய ஊரில் நடந்த சம்பவம் இது.

பக்கத்து ஊரான மார்க்கெட் டீப்பிங்கில் மாடல் ரெயில் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் கண்காட்சி நடத்துவார்கள். அந்த ஆண்டும் வெள்ளிக்கிழமையே சாமான்களைக் கொண்டுவந்து இறக்கி, மேஜை போட்டு, தண்டவாளம் பொருத்தி, ஓட்டிப்பார்த்து விட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை ஜனங்கள் வரவேண்டியது. அதற்குள் விடியற்காலையில் 4 பையன்கள் உள்ளே புகுந்து கைவரிசையைக் காட்டிவிட்டார்கள்.

திருட வரவில்லை. எதையும் தூக்கிக்கொண்டு ஓடவும் இல்லை. உடைத்தார்கள். அவ்வளவுதான்!

போலீசார் வந்து 4 பேரையும் பிடித்தார்கள். கண்காட்சி ரத்து ஆனது. உடைந்தவற்றில் சில 25 ஆண்டு காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தவை.

பொம்மைக்கா இந்த அழுகை?

"பொம்மைக்குப் போயா இத்தனை ஆர்ப்பாட்டம்? கடையில் வேறே வாங்கினால் போச்சு!" என்று நம்ம ஊரில் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

கடையில் வாங்கிய ரெயில் என்றால் அப்படித்தான். இங்கிலாந்தில் அதற்குப் பேர் பெற்றவர் பிராங்க் ஹார்ன்பி. லிவர்பூல்காரர். 1901-ல் "மெக்கானோ"வுக்கு காப்புரிமை வாங்கியவர் இவரே. 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ரெயிலை விற்பனைக்கு விட்டார். 1931-ல் பார்லிமெண்டு உறுப்பினரும் ஆனார். அவர் 1936-ல் இறந்த பிறகு, 1938-ல் அவருடைய கம்பெனி மேஜையில் வைத்து ஓட்டும் சின்ன ரெயிலைக் கொண்டுவந்தது. நிஜ ரெயிலில் ஒரு அடி என்றால், இதில் 4 மில்லி மீட்டர். அதாவது 76-ல் ஒரு பங்கு. இன்றைக்கும் இங்கிலாந்தில் பெரும்பாலோர் வைத்திருப்பது இந்த அளவுதான்.

ஆனால் இதில் ஒரு தப்பு இருக்கிறது. நிஜ தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8½ அங்குலம். கணக்குப்படி சின்ன தண்டவாளம் 18.83 மில்லி மீட்டர் இருக்கவேண்டும். கடையில் விற்பதோ 16.5 தான்! பிரிட்டிஷ் என்ஜின் மற்ற நாட்டு என்ஜினைவிட ஒடுக்கமானது. அந்தக் காலத்து மோட்டார் அதற்குள் அடங்கவில்லை. என்ன செய்தார்கள்? தண்டவாளத்தை விட்டுவிட்டு, என்ஜினை மட்டும் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கினார்கள்.

2 மில்லி மீட்டர் சொச்சம்தானே, போனால் போகட்டும் என்று நாம் விட்டுவிடுவோம். அவர்கள் விடமாட்டார்கள். சக்கரத்தைக் கழற்றி, அச்சை மாற்றி, தண்டவாளத்தை ஒவ்வொரு கட்டையாகத் தாங்களே போட்டு, 18.83-க்கே ஓட்டுகிற பேர்வழிகள் அங்கே நிறைய. பித்தளைத் தகட்டை வெட்டி, ஈயப்பற்று வைத்து, ஒரு என்ஜினை முடிக்க மாதக்கணக்கில் உட்காருவார்கள்.

ஒரே என்ஜின், பல வேஷம்

கை வேலையைவிடப் பெரிய வேலை, விசாரணை. துப்பறியும் போலீஸ் தோற்றுப்போகும்!

ஒரு உதாரணம். ஸ்டாம்போர்டில் இருந்து சில மைல் தூரத்தில் லிட்டில் பைத்தம் என்ற கிராமம். அந்தப் பக்கம் ரெயில் பாதை சரிவாக இறங்கும். 1938-ம் ஆண்டு ஜூலை 3-ந்தேதி "மல்லார்டு" என்ற நீராவி என்ஜின் அந்தச் சரிவில் மணிக்கு 126 மைல் வேகத்தில் பறந்தது. நீராவி என்ஜினில் உலக சாதனை. டிரைவர் பெயர் ஜோசப் டட்டிங்டன். கரி போட்டவர் தாமஸ் பிரே. அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை.

இந்த மல்லார்டை 76-ல் ஒரு பங்காகச் செய்தால் சுமார் 28 சென்டி மீட்டர் வரும். சரி, நீலமாகப் பூசி, நம்பர் எழுதி ஓட்டிவிடலாமா? முடியாது. எந்த வருஷத்து மல்லார்டு என்று முதலில் சொல்லவேண்டும்!

சாதனை செய்த அன்று நீல நிறம். நம்பர் 4468. சக்கரத்தை மூடி இரண்டு பக்கமும் தகடு இருந்தது. யுத்த காலத்தில் கறுப்பு பூசினார்கள். பழுது பார்க்க வசதியாக பக்கத் தகடுகளையும் கழற்றிவிட்டார்கள். யுத்தம் முடிந்ததும் நம்பர் 22 ஆனது. 1948-ல் அரசாங்கம் எல்லா ரெயில்வேயையும் எடுத்துக்கொண்டதும் 60022 ஆனது. பிறகு பச்சை நிறம். கடைசியில் மியூசியத்துக்குப் போனபோது மறுபடி பழைய நீலம், பழைய நம்பர், பழைய தகடு.

60022 என்று எழுதி பக்கத் தகட்டையும் மாட்டிக்கொண்டு கண்காட்சிக்கு வந்தால் மானம் போய்விடும். யாராவது ஒரு தாத்தா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்ப்பார். அவர் சும்மா போகமாட்டார்.

என்ஜின் முன்னால் தொங்கும் விளக்குக்குக்கூட கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருந்தால் எக்ஸ்பிரஸ். புகைபோக்கிக்கு அடியில் ஒன்றே ஒன்று என்றால் ஊர் ஊராக நின்று போகிற பாசஞ்சர். இதை மாற்றி மாட்டினாலும் தப்பு.

பச்சை என்றார், மஞ்சள் பூசினார்

இன்னொரு தலைவலி, நிறம். பழைய போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை. காகிதத்தில் எழுதி இருப்பதை நம்பலாமா என்றால், அதிலும் வில்லங்கம்.

லண்டனில் இருந்து பிரைட்டனுக்கு ரெயில் விட்ட கம்பெனியில் 1870-க்குப் பிறகு வில்லியம் ஸ்டிராட்லி என்று ஒரு தலைமை என்ஜினீயர் இருந்தார். அவர் தம் பாசஞ்சர் என்ஜின்களுக்குப் பூசிய வர்ணத்தின் பெயர் "திருத்திய என்ஜின் பச்சை". நிஜத்தில் அது என்ன நிறம் தெரியுமா? மஞ்சள்! நல்ல பழுத்த காவி மஞ்சள். பெயரை மட்டும் படித்துவிட்டு பச்சை பூசினால் ஆள் அம்பேல்.

அதனால்தான் இவர்கள் பழைய காகிதத்தைத் தேடி அலைகிறார்கள். 1968 ஆகஸ்டு மாதத்தோடு பிரிட்டிஷ் ரெயில்வேயின் பெரிய பாதைகளில் நீராவி என்ஜின் ஓட்டம் முடிந்தது. ஆயிரக்கணக்கான என்ஜின்களை உடைத்து இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். எஞ்சியது மியூசியத்தில் நிற்கும் சிலதும், தொழிற்சாலை வரைபடங்களும், போட்டோக்களும், ரெயில்வே உள்நாட்டு டைம்டேபிள்களும்தான். யார்க் நகரில் 1975-ல் திறந்த தேசிய ரெயில்வே மியூசியத்தில் இந்த வரைபடங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

காகிதம்தானே என்று அலட்சியமாக நினைக்கக்கூடாது. 49 என்ஜின்கள் கொண்ட ஒரு எக்ஸ்பிரஸ் ரகம் 1966-க்குள் ஒன்றுகூட மிஞ்சாமல் போனது. 1990-ல் சில ரெயில் பிரியர்கள் கூடினார்கள். யார்க்கில் இருந்த பழைய வரைபடங்களை எடுத்தார்கள். நன்கொடை வசூல் செய்து, டார்லிங்டன் நகரில் 50-வது என்ஜினை புத்தம் புதிதாகச் செய்தார்கள். "டொர்னாடோ" என்று பெயர். 2008-ல் நிஜ தண்டவாளத்தில் நிஜப் பயணிகளோடு ஓடியது!

கிராமத்தையே செய்த ஆஸ்திரேலியர்

ரெயில் மட்டும் ஓடினால் போதாது. அது ஓடும் ஊரும் வேண்டுமே.

ஆக்ஸ்போர்டு பக்கத்தில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் "பென்டன்" என்று ஒரு மியூசியம். அதை ஆரம்பித்தவர் ராய் இங்கிலாந்து. இங்கிலாந்து என்பது அவர் பெயர், ஆள் ஆஸ்திரேலியாக்காரர். 1925-ல் ரெயிலைப் பார்க்கும் ஆசையில் வந்தார். வந்த இடத்தில் வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மாறிப்போவதைக் கண்டார். மனசு கேட்கவில்லை. வீடு வீடாகப் போய் அளந்தார். சுவரின் செங்கல்லைக்கூட எண்ணினார். அந்த அளவுப்படியே அட்டையில் வீடுகளைச் செய்தார். கூரை, வேலி, கொல்லையில் விளைந்த முட்டைக்கோஸ் வரை விடவில்லை. ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கு, சிலவற்றுக்கு வருஷக்கணக்கு.

1954-ல் தொடங்கிய மியூசியம் இன்னும் நடக்கிறது. அவர் 1995-ல் இறந்துவிட்டார். வேலையை மற்றவர்கள் தொடர்ந்தார்கள். நம் வீட்டு கொலுவில் பார்க் கட்டி, குளம் வெட்டி, ஒன்பது நாளில் பிரித்து வைப்போம். இது பிரிக்காத கொலு!

ஸ்டாம்போர்டு பள்ளிக்கூடத்தில் மிதிபட்டதும் இந்த மாதிரி வேலைதான். சின்ன அளவு, அவ்வளவே வித்தியாசம். வரைபடம் பார்த்து, போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தது. செய்தவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. இன்னும் 25 ஆண்டுக்கு எங்கே போவது?

கேட்டது 500, வந்தது லட்சம்

சங்கத்தார் இன்டர்நெட் மூலம் உதவி கேட்டார்கள். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. 500 பவுண்டு கிடைத்தால் போதும் என்று போட்டார்கள்.

பணம் கொட்டியது! முகம் தெரியாத ஜனங்கள் ஐந்தும் பத்துமாக அனுப்பினார்கள். சில நாளில் 1 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது.

அதில் 10 ஆயிரம் பவுண்டு ஒரே ஆளிடம் இருந்து வந்தது. கொடுத்தவர் யார் தெரியுமா? உலகப் புகழ் பாப் பாடகர் ராட் ஸ்டீவர்ட். மேடையில் ஆடிப்பாடுகிற இந்த ஆசாமிக்கும் ரெயில் பைத்தியம். அமெரிக்காவில் உள்ள தன் வீட்டில் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து, பழைய அமெரிக்க நகரம் ஒன்றை கட்டிடம் கட்டிடமாகச் செய்தார். கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகும்போது ஓட்டலில் கூடுதலாக ஒரு ரூம் போடுவாராம். எதற்கு? அட்டையும் பசையும் வைத்து வேலை செய்ய! உடைந்த ரெயிலைப் பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவை இல்லை.

அந்த 4 பையன்கள் மீதும் சேதம் விளைவித்ததாக வழக்கு நடந்தது. சிறுவர்கள் என்பதால் பெயர் வெளியிட சட்டத்தில் தடை. குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் ஜாலியாக இருக்கலாம் என்று கிளம்பியவர்களாம்.

சிறைத் தண்டனை கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய குழு முன்னால் ஆஜராகி, செய்த தப்புக்கு ஈடாக என்ன செய்வது என்று எழுதிக்கொடுத்து, அதன்படி 12 மாதம் நடக்கவேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு போட்டது.

நஷ்ட ஈடும் கட்டச் சொன்னார்கள். தலைக்கு 500 பவுண்டு.