பலக்நுமா: காணிக்கையும் விருந்தும்

ஐதராபாத் நகரின் தென்பால், சார்மினாருக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், குன்றொன்றின் உச்சியில் நிற்பது பலக்நுமா மாளிகை. இப்பெயரை ‘வானின் கண்ணாடி’ என மொழிபெயர்த்துரைப்பார் பலர். ஆயின் கண்ணாடியைக் குறிக்கும் சொல் எதுவும் இதன்கண் இல்லை. ‘பலக்’ என்பது வானத்தைக் குறிக்கும் அரபுச் சொல். ‘நுமா’ என்பது காட்டுவது, தோற்றுவது எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லீறு. ஆகவே ‘வானைக் காட்டுவது’ அல்லது ‘வான்போல் தோன்றுவது’ என்பதே நேரிய பொருளாம். உலகைக் காட்டுவது எனப் பொருள்தரும் ‘ஜஹான்நுமா’ என்னும் பெயரும் இவ்வாறு அமைந்ததே.

பெயர் பற்றிய இப்பிழை சிறிது. மாளிகை கைமாறிய வரலாறு பற்றி வழங்கும் கருத்துக்களே ஈண்டு ஆராயத்தக்கன.

இதனைக் கட்டியவர் நிசாம் அல்லர். பைகா என்னும் பெருங்குடியைச் சார்ந்த சர் விகாருல் உம்ரா ஆவார். நிசாமின் படையைப் புரத்தற்பொருட்டு நிலமானியம் பெற்ற இக்குடி, அரச குடியோடு வழிவழி மணவுறவும் பூண்டிருந்தது. விகாருல் உம்ரா ஆறாம் நிசாம் மஹபூப் அலிகானின் உடன்பிறந்தாரை மணந்தவர். 1893 முதல் 1901 வரை முதலமைச்சராகவும் விளங்கினார். 1884 மார்ச் 3-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்ற மாளிகை, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் உருப்பெற்றது. இத்தாலியச் சலவைக்கல்லால் இயன்ற அதன் தரையமைப்புத் தேளின் வடிவினது என்பர். செலவு 40 இலட்சம் ரூபாய் எனக் கூறப்படுகின்றது. தொகை எவ்வாறாயினும், பெருஞ்செல்வரான அவரும் கடன்பட நேர்ந்தது என்பதில் ஐயமில்லை.

1897-98 அளவில் மாளிகை நிசாமுடையதாயிற்று. இது குறித்து இருவேறு கருத்துக்கள் வழங்குகின்றன. விருந்தினராக வந்து தங்கிய நிசாம் அதன் அழகில் ஈடுபட்டாராக, அமைச்சர் அதனைக் காணிக்கையாக ஈந்தார் என்பது ஒன்று. கடன்சுமை தாளாது விற்றார் என்பது மற்றொன்று. முன்னதில் ஈகையும் பின்னதில் இடுக்கணும் மேம்பட்டுத் தோன்றுகின்றன. இவ்விரண்டும் தம்முள் முரணுவன என்று கொள்வதே தவறென்பது எம் கருத்து.

நிசாம் அவையில் ‘நஸர்’ என்னும் வழக்கம் இருந்தது. அவைக்கு வருவோர் கைக்குட்டையின்மீது பொற்காசும் வெள்ளிக்காசும் வைத்து நீட்டுவர். மன்னர் தொட்டு மீள அளித்தலும் உண்டு, எடுத்துக்கொள்ளலும் உண்டு. (எடுத்துக்கொள்வதில் ஏழாம் நிசாம் பெயர் பெற்றவர்!) பெரும்பொருளைக் காணிக்கையாக ஏற்ற மன்னர் கைம்மாறு செய்தல் பெருமைக்குரிய கடன். மாளிகையை ஏற்ற மஹபூப் அலிகானும் அதற்குப் பெருந்தொகை அளித்தார் என்றே கூறப்படுகின்றது. அவ்வவையில் விலை என்னும் சொல் இருதிறத்தார்க்கும் இழுக்காகும். காணிக்கை என்னும் சொல்லோ இருவர் மானத்தையும் காக்கும். கொடுத்தவர் கடனினின்று மீண்டார், கொண்டவர் வள்ளலாயினார். இதனை வெறும் ஈகை எனலும் வெறும் விற்பனை எனலும் அவைமரபை அறியாதார் கூற்றேயாம்.

இனி, மாளிகை விருந்தினர் இல்லமானது எதிர்பாரா மாற்றமன்று. 101 பேர் ஒருங்கிருந்து உண்ணத்தக்க நீண்ட மேசையைத் தன் குடும்பத்துக்கென ஒருவர் அமைப்பாரோ? வரவேற்கவே எழுந்த மனை அது. 1906-இல் வேல்ஸ் இளவரசராக வந்த பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இங்கே தங்கினார். மஹபூப் அலிகான் 1911 ஆகஸ்டு 29-ஆம் நாள் உயிர்நீத்ததும் இம்மாளிகையிலேதான். அவர் மைந்தர் உஸ்மான் அலிகானோ கிங் கோத்தியையே உறைவிடமாகக் கொண்டார். அதன்பின் பலக்நுமா முற்றிலும் விருந்தினர்க்கே உரியதாயிற்று.

1948-இல் ஐதராபாத் இந்தியாவோடு இணைந்தது. 1951-இல் வந்து தங்கிய குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்தே அக்காலத்து இறுதிப் பெருவிருந்தினர் என்பர். அழைப்பதற்கு அரசு இல்லாதபோது விருந்தினர் இல்லத்துக்கு வேலை யாது? மாளிகை நெடுங்காலம் பூட்டிக்கிடந்தது. 1967-இல் உஸ்மான் அலிகான் மறைந்தபின் அவர் பேரர் முக்கரம் ஜாவின் உடைமையாயிற்று. இளவரசி எஸ்ராவின் முயற்சியால் பல்லாண்டுகள் புதுக்கப்பெற்று, 2010 நவம்பரில் தாஜ் நிறுவனத்தின் தங்கும் விடுதியாகத் திறக்கப்பெற்றது. முன்னர் அழைப்புப் பெற்றோர் தங்கிய அறைகளில் இன்று பொருள் கொடுப்போர் தங்குகின்றனர்.

எனினும், அரசு விருந்து அறவே ஒழிந்திலது. 2017 நவம்பர் 28-இல் உலகத் தொழில்முனைவோர் மாநாட்டையொட்டி இந்தியத் தலைமையமைச்சர் இவாங்கா டிரம்ப் முதலியோர்க்கு விருந்தளித்தது அந்த 101 பேர் மேசையிலேயே. விகாருல் உம்ராவின் பெயரைக் குறிக்கும் ‘வி’, ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்துக்களின் பின்னல், அறைகலன்களிலும் சுவர்களிலும் விதானத்திலும் காணப்படுகின்றது. மாளிகையை ஏற்ற நிசாம் அதனை அகற்றினாரல்லர்.