தகப்பன் நிற்க, பிள்ளை போகிறான்

லெபனானின் இரு மலைத்தொடர்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் பெக்கா பள்ளத்தாக்கு, உருளைக்கிழங்கும் வெங்காயமும் திராட்சையும் செழித்து விளைகிற பூமி. அங்கே அறுவடைக் கூலிக்குச் சிரியாவிலிருந்து ஆட்கள் வருவதும், பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவதும் நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2011-ல் சிரியாவில் மூண்ட கலகம் யுத்தமாக முற்றியபோது, அவர்கள் மனைவி மக்களோடு வந்து சேர்ந்து, திரும்பிச் செல்ல வழியின்றி அங்கேயே தங்கிவிட்டார்கள். 2014 ஏப்ரலில் லெபனானில் பதிவான சிரிய அகதிகளின் தொகை 10 லட்சத்தைத் தாண்டியது.

யுத்தம் என்றதும் துப்பாக்கி ஏந்திய சிறுவனையே உலகம் நினைக்கிறது. அந்தக் கொடுமைக்கு ஈடில்லை என்பது உண்மையே. ஆயினும், டிராக்டர் புரட்டிப்போட்ட மண்ணில் குனிந்த முதுகு நிமிராமல் கிழங்கு பொறுக்கிச் சாக்கில் கொட்டும் பாலகனும் அதே யுத்தத்தால்தான் அங்கே நிற்கிறான். அவனை அனுப்பிய பெற்றோரைப் பாசமற்றவர்கள் என்று சொல்வது பெரும் பிழை. கூடாரங்கள் நெருங்கிய குடியிருப்புகளில் ‘ஷாவீஷ்’ எனப்படும் ஒருவன் இருப்பான். நம் தோட்டத்துக் கங்காணியைப் போல, ஆள் திரட்டிப் பண்ணைக்கு அனுப்புவதும், கூலியில் தன் பங்கைப் பிடித்துக்கொள்வதும் அவன் காரியம். கூடாரம் போட்ட மனைக்கு வாடகை பாக்கி, மளிகைக்கடன், வைத்தியச் செலவு என்று குடும்பத்தின் கடன் ஏறிக்கொண்டே போக, அதை உழைத்துத்தான் தீர்க்கவேண்டியிருக்கிறது.

தகப்பன் உழைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். 2015 ஜனவரியில் லெபனான் சர்க்கார் விதித்த புது நிபந்தனைகளின்படி, 15 வயது நிரம்பிய ஒவ்வொரு அகதியும் வாச அனுமதியைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 200 டாலர் செலுத்தவேண்டியதாயிற்று. அன்றாட ஜீவனத்துக்கே தவிப்பவர்களிடம் அத்தொகை ஏது? அனுமதியில்லாத ஆண்மகன் வேலை தேடிப் புறப்பட்டால் சோதனைச்சாவடியில் கைதாகும் அபாயம் இருந்தது. சிறுவனையோ பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. இதனால் திடகாத்திரமான தகப்பன் கூடாரத்தில் அடைபட்டிருக்க, 10 வயதுப் பிள்ளை விடியலில் பண்ணை வண்டி ஏறினான். அகதிப் பிள்ளைகளுக்கென்று அரசுப் பள்ளிகளில் பிற்பகல் வகுப்புகள் நடந்தன; ஆனால் காலைமுதல் வெயிலில் உழைத்த பிள்ளைக்கு அங்கே போக உடலில் தெம்பு ஏது? இந்த நிலையில், தகப்பன் அச்சமின்றி வேலைக்குப் போக வழிசெய்வது, பிள்ளைக்குப் புத்தகமும் பையும் வழங்குவதைக் காட்டிலும் பெரிய உபகாரம் என்பதே என் துணிபு.

2024 டிசம்பரில் சிரிய அதிபர் அஸாத்தின் ஆட்சி வீழ்ந்தபின் பல குடும்பங்கள் சிரியாவுக்குத் திரும்பி வருகின்றன. அன்று கிழங்கு பொறுக்கிய சிறுவர்கள் பலர் இப்போது இளைஞர்கள். நான்காம் வகுப்போடு நின்றவனை மீண்டும் சிறுவர்களோடு பெஞ்சில் உட்கார்த்த இயலாது. வீடும் பாலமும் கட்டத் திட்டம் தீட்டுகிறவர்கள், கூலி வேலையை விடாமலே எழுத்தும் தொழிலும் கற்க இவர்களுக்கென்று மாலை வகுப்புகளையும் அந்தத் திட்டத்தில் சேர்க்கவேண்டும்.