மின்னழுத்தத்தில் விரியும் சிலிகான் ரப்பர்: தளர்ந்த இதயத்திற்குத் துணையாகுமா?

மருத்துவமனைக்கு வருவோர்க்குச் சிலிகான் ரப்பர் புதியதன்று. சிறுநீர் வடிகுழாய்களிலும் மூக்குவழி உணவூட்டும் குழாய்களிலும் அது பயன்படுகிறது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பணியாற்றுவோர், வெப்பந்தாங்கும் கேஸ்கெட்டாக அதனை அறிந்திருப்பர். உப்புக்காற்று வீசும் கடலோரப் பகுதிகளின் உயரழுத்த மின்பாதைகளிலும் அது மின்காப்பாக விளங்குகிறது. மின்சாரத்தைக் கடத்தாத இதே ரப்பரை, மின்னழுத்தத்தைக் கொண்டு அசையவைக்கவும் முடியும்.

எவ்வாறு அசைகிறது?

மெல்லிய சிலிகான் படலத்தின் இருபுறமும் நெகிழும் தன்மையுள்ள கார்பன் பூச்சு இடப்படுகிறது. மின்னழுத்தம் தரும்போது ஒருபுறம் நேர்மின்னூட்டமும் மறுபுறம் எதிர்மின்னூட்டமும் சேர்கின்றன. அவை ஒன்றையொன்று ஈர்ப்பதால் இடையிலுள்ள படலம் நசுங்குகிறது. உள்ளங்கையில் அழுத்திய சப்பாத்தி மாவைப் போல, அது மெலிந்து பக்கவாட்டில் விரிகிறது. மின்னழுத்தம் நீங்கியதும் பழைய வடிவிற்குத் திரும்புகிறது. இதனாலேயே இதனைச் 'செயற்கைத் தசை' என்பர்.

அக்ரிலிக் வகைப் படலங்கள் மிகுதியாக விரியும். ஆயினும் மெதுவாகவே மீளும். சிலிகான் விரைந்து மீளும் இயல்புடையது. இதயத்துடிப்போடு இணைந்து இயங்க அவ்விரைவு இன்றியமையாதது.

இதயத்திற்கு என்ன பயன்?

2021-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், இத்தகைய குழாய் ஒன்றைப் பன்றியின் பெருந்தமனியில் பொருத்திய ஆய்வை வெளியிட்டனர். மின்னழுத்தம் தரும்போது குழாய் விரிந்து குருதிக்கு இடந்தருகிறது. நிறுத்தியதும் சுருங்கிக் குருதியை உந்துகிறது. இதனால் இதயம் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 5.5 விழுக்காடு குறைந்தது.

தடை யாது?

படலத்தை அசைக்கப் பல ஆயிரம் வோல்ட் தேவைப்படுகிறது. படலத்தை மேலும் மெல்லியதாக்கினால் குறைந்த வோல்ட் போதும். ஆனால் சிறு குறையிருந்தாலும் மின்சாரம் அதன் ஊடே பாய்ந்து துளையிட்டுவிடும். பீங்கான் வகைத் துகள்களைக் கலந்தால் ஈர்ப்பு விசை கூடும். அளவு மிகுந்தால் ரப்பர் விறைத்துவிடும். ஓர் ஆண்டில் இதயம் மூன்று கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. அத்தனை முறையும் பழுதின்றி இயங்கும் படலமே மனித உடலுக்கு ஏற்றது.

ஆகவே, இது இன்று மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சையன்று. இச்செய்தியை நம்பி மருந்தை நிறுத்துவதோ, மருத்துவர் அறிவுறுத்திய அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதோ கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்துவைத்தல் வேண்டும். மூன்று நாள்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினாலோ, கால்கள் வீங்கினாலோ உடனே மருத்துவரை அணுகுங்கள். கடும் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் 108-ஐ அழையுங்கள்.